தாராவியின் வடிகாலும் அரபிக்கடலும்

மும்பையின் தாராவியில் காலா கில்லா என்றொரு பஸ் நிறுத்தம் உண்டு. பெயருக்குக் காரணமான கருங்கல் கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்று அதில் பதித்த கல் சொல்கிறது. மித்தி ஆற்றுக்கு அப்பால் சால்செட் தீவுப் பக்கமிருந்து வரக்கூடிய எதிரியைக் கண்காணிக்க எழுந்த காவல் கோட்டை அது. ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டிய மதில் இப்போது வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடக்கிறது. ஆறு வடக்கே தள்ளிப் போய்விட்டது. தண்ணீர் இருந்த இடம் எவ்வளவு நிலமாகியிருக்கிறது என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்து தாராவியில் இதைவிட நல்ல சான்று இல்லை.

மாஹிம் கழியின் ஓரத்தில் கோலி மீனவர்கள் வாழ்ந்த இடம் தாராவி. கோலிவாடா என்ற பெயரில் அவர்கள் குடியிருப்பு இன்னும் இருக்கிறது. மீன் பிடித்த கழிதான் பழையபடி இல்லை. 1845இல் மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் பாலச்சாலை வந்தது. பிறகு கழியின் வாய் மெல்ல மெல்லக் குறுகியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள், சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி அதன்மேல் குடிசை போட்டார்கள். ஆற்றின் மறுகரையில், அலையாத்திக் காடும் உப்புச் சதுப்புமாக இருந்த பரப்பைத் தூர்த்துத்தான் இன்றைய பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடிவரும் மித்தி, விரிந்து பரவ இடமில்லாமல் இந்த இடுக்கின் வழியாகத்தான் கடலில் சேர்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் வெள்ளம் வந்தால் மழையை மட்டும் குற்றம் சொல்வது பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு கடலில் இருக்கிறது. வானத்திலிருந்து விழும் தண்ணீரை எல்லாரும் அளக்கிறார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கடல் அந்த நேரத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது, எவ்வளவு சூட்டோடு நிற்கிறது என்ற கேள்வி தாராவியின் சந்துகளைப் பற்றிய பேச்சில் வருவதே இல்லை. கடலியற்பியல் என்ற துறை ஆராய்ச்சிக் கப்பலில் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பதுதான் காரணம்.

2005 ஜூலை 26ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அது. அதே நாளில் நகரத்தின் தென்முனையான கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். மகாராஷ்டிர மாநிலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மாதவ் சித்தளே தலைமையில் அமைந்த உண்மையறியும் குழு 2006இல் அறிக்கை தந்தது. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 944 என்ற எண்ணைச் சொல்வார்கள். 4.48 என்ற இன்னொரு எண்ணும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும். மழை உச்சத்தில் கொட்டிய அந்தப் பிற்பகலில் கடல் ஏற்றத்தின் உயரம் 4.48 மீட்டர்.

மழைக்காலம் பிறந்தால் மும்பைப் பத்திரிகைகளில், 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏற்றம் இருக்கும் நாட்களின் பட்டியல் வெளிவரும். தொலைக்காட்சிகள் பல சமயம் இதை '4.5 மீட்டர் உயர அலைகள்' என்று சொல்லிப் பயமுறுத்துகின்றன. இது தவறு, தவறான இடத்தில் பயத்தை வைக்கும் தவறு. இந்த எண் அலையின் உயரம் அல்ல. கப்பல்களுக்கான வரைபடத்தில், கடல் மிகவும் வற்றிய நிலையை ஒட்டி ஒரு தளமட்டம் குறித்திருப்பார்கள். ஏற்றத்தை அதிலிருந்து அளக்கிறார்கள். மும்பையில் கடலின் சராசரி மட்டமே அந்தத் தளத்துக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே 4.5 மீட்டர் ஏற்றம் என்றால், கடல் தன் சராசரி நிலையைவிட 2 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று பொருள். மரீன் டிரைவில் சுவரைத் தாண்டித் தெறிக்கும் அலையைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது: மாஹிம் விரிகுடா முழுவதும் ஆறு மணி நேரம் மெதுவாக எழும்பி, நகரத்தின் வடிகால் வாய்களை ஒவ்வொன்றாக மூடுகிறது.

மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. 1993இல் வந்த பிரிம்ஸ்டோவாட் திட்ட அறிக்கை இதை 50 மில்லிமீட்டராக உயர்த்தச் சொன்னது. தண்ணீர் தானாகச் சரிந்து கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் அடிப்படை. மிகப் பெரும்பாலான வடிகால் வாய்கள் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் சரிவே இல்லாமல் போகிறது. அப்போது வடிகாலின் அகலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஹாஜி அலி, லவ் குரோவ், இர்லா போன்ற இடங்களில் பிறகு கட்டிய நீரேற்று நிலையங்கள் இதற்காகத்தான் வந்தன.

தாராவியின் சந்தில் இது எப்படித் தெரியும் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழை வலுத்ததும் வாசலோரக் கட்டரில் கருப்புத் தண்ணீர் வேகமாக ஓடும். கடல் ஏற ஏற ஓட்டம் மந்தமாகும். பிறகு நிற்கும். பிறகு சிமெண்ட் மூடியின் இடுக்கில் குமிழிட்டு மேலே வரும். சந்தை உயர்த்தித் தளம் போடப் போட, பழைய வீடுகளின் தரை சாலையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிய வாசற்படிகள் அதனால் வந்தவை. உள்ளே கட்டிலின் கால்களுக்கும் செங்கல், அரிசி டிரம் மேல்தட்டில். மழை விட்டு வானம் வெளுத்த பிறகும் தண்ணீர் இறங்காது. ஏற்றம் வடிந்தால்தான் இறங்கும். கடலியற்பியல் படிக்காத பெண்களுக்கு அந்த நேரக்கணக்கு நன்றாகவே தெரியும்.

திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கடல் புதிது. தமிழ்நாட்டுக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சென்னை மெரினாவில் கடல் எங்கே நின்றதோ ஏறத்தாழ அங்கேதான் நாள் முழுக்க நிற்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். இன்னும் வடக்கே காம்பத் வளைகுடாவில் 10 மீட்டர் வரை போகும். நிலவும் சூரியனும் இரண்டு கரைகளையும் ஒரேபோலத்தான் இழுக்கின்றன. வேறுபாடு கடலடியில் இருக்கிறது. சென்னைக்கு வெளியே கண்டத்திட்டு குறுகலானது, சட்டென்று ஆழம் வந்துவிடும். மும்பைக்கு வெளியே அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலம். 4,000 மீட்டர் ஆழத்தில், இந்த ஏற்றவற்றத்தைச் சுமந்துவரும் ஓதஅலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 70 மீட்டர் ஆழமுள்ள திட்டில் ஏறியதும் அதன் வேகம் 100 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். வேகம் குறைய, பின்னால் வரும் நீர் முன்னால் போன நீரின்மேல் குவிகிறது; கரையில் மோதித் திரும்புவதும் சேர்ந்து உயரத்தைக் கூட்டுகிறது. பாம்பே ஹையில் எண்ணெய்க் கிணறு தோண்ட வசதி செய்த அதே ஆழமற்ற திட்டுதான் மாஹிம் கழியில் தண்ணீரை ஏற்றியும் விடுகிறது.

ஓதம் கணிக்கக்கூடியது. பத்தாண்டுகளுக்கு அப்பால் ஒரு நாளின் ஏற்ற நேரத்தைக்கூட இன்றே எழுதிவிடலாம். கணிக்கக் கடினமானது, மழைக்கு ஈரம் தரும் கடலின் வெப்பம்.

பருவமழையின் ஈரம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பம்பாயில்தான் பெரிய விவாதம் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் வானிலைப் பிரிவுக்கு மையமாக, பம்பாயில் ஒரு சர்வதேச வானிலை மையம் அமைந்தது. வானிலையாளர் காலின் ராமேஜ் அதை வழிநடத்தினார். கப்பல்களும் விமானங்களும் அனுப்பிய அளவீடுகளை அங்கே ஐ.பி.எம். 1620 கணிப்பொறியில் போட்டுக் கணக்கிட்டார்கள். அந்தத் தரவுகளை வைத்துப் பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் பிறந்த பி. ஆர். பிஷரோட்டி 1965இல் ஒரு முடிவு சொன்னார்: மேற்குக் கரையைத் தாண்டி உள்ளே வரும் ஈரத்தில் பெரும்பகுதி அரபிக்கடலிலேயே ஆவியானது. சில ஆண்டுகளில் கே. ஆர். சாஹா இதை மறுத்தார். தென் இந்தியப் பெருங்கடலில் ஆவியாகி, நிலநடுக்கோட்டைக் கடந்து சோமாலியக் கரையோரமாக வரும் ஈரமே பெரும்பங்கு என்பது அவர் கணக்கு. இன்று இரண்டு ஊற்றுகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தெற்கிலிருந்து வருவது அதிகம். அரபிக்கடல் சேர்ப்பதும் குறைவில்லை, அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அந்தக் காலத்து அளவீடுகளின் பற்றாக்குறையோடு இருவரும் இவ்வளவு தூரம் போனது எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது.

அரபிக்கடலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கோடை உச்சத்தில் மற்றக் கடல்கள் சூடாகிக்கொண்டே போக, இது ஜூனுக்குப் பிறகு குளிர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் அருகே மேற்பரப்பு 30 டிகிரியைத் தாண்டும். பருவக்காற்று தொடங்கியதும், 1969இல் வானிலையாளர் ஃபின்ட்லேட்டர் விவரித்த பலத்த தாழ்மட்டக் காற்றோட்டம் சோமாலியா, ஓமன் கரைகளில் மேல்நீரை வெளியே தள்ளி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருகிறது. வடக்கே ஆசிய நிலப்பரப்பு மூடியிருப்பதால் இந்தக் கடலின் வெப்பத்துக்கு வடதிசையில் வெளியேற வழி கிடையாது. அட்லாண்டிக்கும் பசிபிக்கும் துருவம் நோக்கி அனுப்புவதுபோல் இது அனுப்ப முடியாது. ஆகவே ஆவியாதலும் ஆழ்நீர்க் கலப்பும் தெற்கு நோக்கிய ஓட்டமும்தான் இதைத் தணிக்கும் வழிகள்.

அந்தத் தணிப்புக்கு மேல் சூடு ஏறிவிட்டது. பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிப்போகும் கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடல்கள் விழுங்குகின்றன. வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்தைக் கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே தாங்கிவிடும். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரி. புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை தரும் எண்கள் இவை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு, மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடை வெப்பம் 1901–2012 காலத்தில் 1.2 டிகிரி உயர்ந்ததை 2014இல் காட்டியது.

கடல் சூடானால் மழை கூடும் என்று நேராகச் சொல்லிவிடக் கூடாது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் 7 விழுக்காடு கூடும் என்பது உண்மை. ஆனால் கடலும் சூடாகும்போது நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைகிறது. பருவக்காற்றை இழுப்பதே அந்த வேறுபாடுதான். 1951–2015 காலத்தில் இந்தியாவின் ஜூன்–செப்டம்பர் மழை மொத்தத்தில் சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. அதே காலத்தில், மகாராஷ்டிரத்தையும் உள்ளடக்கிய நடு இந்தியப் பட்டையில், பரந்த பரப்பில் கொட்டித் தீர்க்கும் கனமழை நிகழ்வுகள் மூன்று மடங்காயின. வடக்கு அரபிக்கடல் சூடானதால் மேற்குக் காற்றின் ஏற்ற இறக்கம் கூடியது; ஈரம் சீராக வராமல் சில நாட்களில் திடீரென்று பெருக்கெடுத்து வருகிறது என்று 2017இல் ராக்ஸி குழு விளக்கியது. 2005இன் ஒரே நாள் மழையைக் கடலின் சூட்டின்மேல் மட்டும் சுமத்த முடியாது. அந்த மாதிரியான நாள் அடிக்கடி வருவதற்கான சூழல் கடலில் உருவாகிவிட்டது என்று சொல்லலாம். புயல்களும் அதையே சொல்கின்றன. 2020 ஜூனில் நிசர்கா அலிபாகுக்கு அருகே கரையேறியது. 2021 மே மாதம் தவ்தே மும்பைக்கு வெளியே கடந்தபோது தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 படகு மூழ்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தமிழ்நாட்டுக் கடலுக்கும் மும்பைக் கடலுக்கும் நேரடியான ஒரு தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பூமி சுழல்வதால், வடகோளத்தில் கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடும் ஒருவகை நீளலைகள் உண்டு. கெல்வின் அலைகள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, உயரம் சில சென்டிமீட்டர், நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். வங்கக்கடலில் காற்று மாறும்போது எழும் இந்த அலை ஆந்திரக் கரை, சோழமண்டலக் கரை வழியாக இறங்கி, இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி, மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும். நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். குமரியிலிருந்து மும்பைக்கு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சதீஷ் ஷெட்யே, டி. சங்கர் ஆகியோரும், உடன் பணியாற்றிய ஜூலியன் மெக்கிரேரியும் 1990களில் இந்த இணைப்பை நிறுவினார்கள். கேரளக் கரைக்கு வெளியே குளிர்காலத்தில் கடல் மேடிட்டு நிற்பதையும், கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதையும் இதை வைத்தே விளக்குகிறார்கள். மும்பையின் கடல் மட்டத்தை மும்பையின் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. வங்கக்கடலில் தொடங்கிய அசைவும் அதில் கலந்திருக்கிறது. 2017இல் ஒக்கி புயல் குமரியைத் தாக்கி, அதே பக்கமாக வடக்கே நகர்ந்து, மும்பையில் டிசம்பர் மழையைக் கொட்டி, சூரத்துக்கு அருகே ஓய்ந்தது வேறு வகை நிகழ்வு. என்றாலும் குமரி மாவட்டப் படகுகள் பல மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, இரண்டு கரைகளும் ஒரே கடல் என்பது மீனவர் வீடுகளில் எல்லாருக்கும் புரிந்தது.

மும்பைக் கடலின் சராசரி மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று அப்பல்லோ பந்தரில் இருக்கிறது. 1878 முதல் தொடரும் அங்குள்ள ஓதமானிப் பதிவு, இந்தியப் பெருங்கடலிலேயே மிக நீண்ட பதிவுகளில் ஒன்று. வட இந்தியப் பெருங்கடலில் 1874–2004 காலத்தில் கடல் ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்தது. 1993–2017 காலத்தில் வேகம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். உலக அளவில் பனிப்பாறை உருகுவது பெரிய காரணம். நம் கடலில் தண்ணீர் சூடாகி விரிவதே முதன்மையான காரணம். ஈரத்தைக் கூட்டும் அதே வெப்பம் மட்டத்தையும் உயர்த்துகிறது.

3.3 மில்லிமீட்டர் அற்பமாகத் தெரியும். முப்பது ஆண்டுகளில் அது 10 சென்டிமீட்டர், ஒரு செங்கலின் தடிப்பு. அதன் விளைவை உயரமாகப் பார்ப்பதைவிட நேரமாகப் பார்ப்பது சரி. ஒரு வடிகால் வாய், கடலின் சராசரி மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடல் 1.8 மீட்டர் எழும்பும் நாளில் அந்த வாய் ஒவ்வோர் ஏற்றத்திலும் சுமார் 3 மணி 50 நிமிடம் மூடிக் கிடக்கும். சராசரி மட்டம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் கூடுதலாகக் கால் மணி நேரம். 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் முக்கால் மணி நேரம். நாளுக்கு இரண்டு ஏற்றம் என்பதால் இது இரட்டிப்பாகும். இதோடு மழைக்காலத் தாழ்வழுத்தம் வேறு: காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். மேலிருந்து கொட்டுவது கூடுகிற அதே காலத்தில், கீழே வாய் திறந்திருக்கும் நேரம் சுருங்குகிறது. தாராவியின் சிக்கல் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதில் இருக்கிறது.

இதற்கான அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் ஆர்கோ மிதவைகள் உலகக் கடல்களில் சுமார் 4,000 இருக்கின்றன. நம் பங்கை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கவனிக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அரபிக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிக்கிறது. 2020 ஜூனில் மும்பைக்கென்று தொடங்கிய ஐஃப்ளோஸ் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை உருவாக்கியதும் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம்தான். மழை, மித்தியின் ஓட்டம், ஓதம், புயல் எழுச்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அமைப்பு அது. ஆழ்கடலிலிருந்து நகரம் வரை கணக்கு வந்து சேர்ந்துவிட்டது. இனி அது சந்து வரைக்கும் வர வேண்டும்.

குடிசைகளுக்குப் பதில் அடுக்குமாடி எழுப்பும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் பற்றிய பேச்சு முழுவதும் சதுர அடியைச் சுற்றியே நடக்கிறது. யாருக்கு வீடு, எத்தனை அடி, எந்த ஆண்டுக்கு முந்தைய ரேஷன் கார்டு என்பவை வாழ்வாதாரக் கேள்விகள். அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எழும் கட்டடங்கள் ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டியவை. அடுக்குமாடியில் குடியேறியவரின் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் போகலாம். தரைத்தளத்துப் பட்டறையும் மண்பாண்டச் சூளையும் இட்லி மாவு ஆட்டும் கொட்டகையும் எங்கே நிற்கும்? மேடாக்கிய நிலத்தின் தண்ணீர் மேடாக்காத பக்கத்துச் சந்துக்குத்தான் போகும். மாஹிம் கழியோரம் மிச்சமிருக்கும் அலையாத்திக் காடு, ஏறிவரும் கடல் பரவி நிற்க எஞ்சியுள்ள இடம். அதையும் தூர்த்தால் அந்த நீர் குடியிருப்புக்குள் இடம் தேடும்.

எனவே தாராவிச் சங்கங்களுக்கும், மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ் அமைப்புகளில் இருக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்ட வரைபடம் கைக்கு வரும்போது மூன்று எண்களைக் கேளுங்கள். வடிகால் வாயின் மட்டம் கடலின் சராசரி மட்டத்திலிருந்து எவ்வளவு? கடல் இன்னும் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்த வாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மூடியிருக்கும்? அந்த நேரத்தில் பெய்யும் மழையை இறைக்க எத்தனை பம்பு, எங்கே? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத வரைபடத்துக்குச் சம்மதம் தராதீர்கள்.